இடைத்தரகர்களின் ஆறு தீமைகள்

"வேளாண் விற்பனையில் இடைத்தரகர்களால் ஏற்படும் தீமைகளை விவரி." பத்து மதிப்பெண். பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டில் இந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் எழுதியவர் எங்கள் வகுப்பில் யாரும் இல்லை. ஆறு தீமைகள், ஆறு துணைத்தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. காலாண்டுத் தேர்வில் பத்துக்கு எட்டரை வாங்கினேன். எங்கள் பேராசிரியரிடம் ஏழு வாங்குவதே பெரும்பாடு. பையன்கள்கூட என் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். என் அப்பா மாட்டுத் தரகர் என்பது அந்த வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. அரியலூரும் பெரம்பலூரும் அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தன. விக்கிரமங்கலம் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து அரியலூரில் இறங்கி, சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பும் வெள்ளைப் புழுதியில் நடந்து கல்லூரிக்குப் போக வேண்டும். போய்ச் சேரும்போது தலை நரைத்திருக்கும். வகுப்பில் நாற்பது பேர், அதில் நாங்கள் பெண்கள் ஐந்து பேர். எங்கள் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் பெண் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை.

அப்பா பிறந்த வீட்டில் யாருக்கும் ஒரு குழி நிலம்கூடச் சொந்தமாகக் கிடையாது. சின்ன வயதில் பண்ணை வீட்டில் மாடு மேய்த்தார். பண்ணை மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய், ஓட்டிக்கொண்டு வந்து, அந்தப் போக்குவரத்திலேயே மாட்டை மதிக்கக் கற்றுக்கொண்டார். பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்வதை எல்லாத் தரகரும் செய்வார்கள். அப்பா பல்லைப் பார்க்காமலே சொல்வார். நடக்கவிட்டு நாலு எட்டு பார்த்தால் போதும், எந்தக் காலில் என்ன கோளாறு, ஏர் பிடிக்குமா வண்டிக்கு மட்டும்தானா என்று சொல்லிவிடுவார். முப்பது வயதுக்குள் பண்ணையை விட்டு வந்து சந்தையில் நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் சந்தை அது, எங்கள் ஊரிலிருந்து நாலு மைல். ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டுக்காரர்கள் மாட்டைக் கொண்டுவருவார்கள். பெரம்பலூர் பக்கத்துப் பருத்தி விவசாயிகள் வாங்க வருவார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பமாட்டார்கள், நடுவில் நிற்கிற அப்பாவை இரண்டு பேரும் பாதி நம்புவார்கள்.

விலை பேசும் முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தரகர் தோள் துண்டை எடுத்து விரிப்பார். அதற்கு அடியில் அவர் கையும் விற்பவர் கையும் சேரும். எத்தனை விரலைப் பிடிக்கிறார், முழுசாகப் பிடிக்கிறாரா பாதி பிடிக்கிறாரா என்பதில் விலை இருக்கும். பிறகு அதே துண்டோடு வாங்குபவர் பக்கம் திரும்புவார். வாய் பாட்டுக்கு மழையைப் பற்றியும் வைக்கோலைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்று ஒருவருக்கும் தெரியாது.

சாயங்காலங்களில் நான் பாடத்தைச் சத்தம்போட்டுப் படிப்பேன். மனப்பாடம் ஆக எனக்கு அது ஒன்றுதான் வழி. அப்பா எதிரில் உட்கார்ந்து கேட்பார். கையெழுத்துப் போடக்கூடத் தெரியாத மனுஷர், குறுக்கே கேள்வி மட்டும் வக்கீல் மாதிரி கேட்பார். ஒரு பொருளை மேலும் மேலும் நுகரும்போது அதன் பயன்பாடு குறைந்துகொண்டே போகும் என்று படித்தால், "சந்தையில அஞ்சாவது டீ குடிக்கிறப்ப எனக்கே தெரியும். இத எழுதத்தான் வெள்ளைக்காரன் வரணுமா?" என்பார். படிக்கிற பிள்ளையின் எதிரில் உட்கார்ந்திருப்பதே அவருக்குப் பெருமையாக இருந்தது. அவர் கேட்கிறார் என்பது எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த ஒரு பாடத்தை மட்டும் நான் வாய்க்குள்ளேயே படித்தேன்.

அகப்பட்டுக்கொண்டது என் அசட்டுத்தனத்தால். ஒரு நாள் திருப்பிப் பார்க்கப் பாடத் தலைப்புகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனேன். வேளாண் கடன், வேளாண் விற்பனை, இடைத்தரகர்கள். வாயை விட்டு வந்துவிட்டது.

"என்னமோ தரகர்ங்கிறியே?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. தரகர் பத்தி ஒரு பாடம்."

"எங்களப் பத்தியா? காலேஜ் புஸ்தகத்துலயா?"

எழுந்தே நின்றுவிட்டார். "ஏய், இங்க வந்து கேளு, நம்ம தொழிலு புஸ்தகத்துல ஏறிடுச்சு!" என்று அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டார். புத்தகத்தில் ஒருவரைப் பற்றி எழுதினால் அது நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். திட்டுவதற்காக யாராவது மெனக்கெட்டு அச்சடிப்பார்களா? நான் அதை அப்போதே உடைத்துச் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நாக்கு எழவில்லை.

மறு ஞாயிறு சந்தை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். மற்ற தரகர்கள் எல்லாம் கேட்டாக வேண்டும் என்று நின்றார்களாம். "அடுத்த வாரம் புஸ்தகத்த எடுத்துக்கிட்டு வா, பாப்பா. வேபாரம் முடிஞ்சதும் ஒரு கால்மணி நேரம் படிச்சுட்டு வந்துடலாம்" என்றார். பெண் பிள்ளை மாட்டுச் சந்தைக்குப் போவதா என்று அம்மா சத்தம் போட்டாள். "காலேஜ் போற புள்ள எங்க வேணா போகும்" என்று அப்பா வாயை அடைத்துவிட்டார்.

அந்த ஒரு வாரம் எனக்கு இதே யோசனைதான். உள்ளதைப் படித்தால் பதினைந்து தரகர்களுக்கு நடுவில் அப்பாவின் முகம் என்ன ஆகும்? இருபது வருஷமாக அந்தச் சந்தையில் அவர் சம்பாதித்த மரியாதையை நானே என் வாயால் போக்கடிப்பதா? கடைசியில் நான் ஒரு தந்திரம் செய்தேன். ரஃப் நோட்டில் இரண்டு பக்கத்துக்குத் தரகர்களைப் பற்றி நானே ஒரு பாடம் எழுதினேன். கிழித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

சந்தையில் டீக்கடை பெஞ்சைக் காலி செய்து என்னை உட்காரவைத்தார்கள். தரகர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். தலையில் கட்டியிருந்த துண்டுகள் எல்லாம் மடிக்கு இறங்கின. நான் பிறக்கும் முன்பே சந்தையில் நின்ற பெரிய மனிதர்கள் எனக்காகத் துண்டை இறக்கினார்கள். நான் படித்தேன். தரகர் என்பவர் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நம்பிக்கையை ஏற்படுத்துபவர், அவர் இல்லையேல் வேளாண் பொருளாதாரமே இயங்காது, அவரது அனுபவ அறிவு அளவிடற்கரியது. ஒவ்வொரு வரிக்கும் தலை ஆடியது. முன்பல் இரண்டும் போன மூத்த தரகர் ஒருவர், "இது சர்க்கார் புஸ்தகமா பாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இரண்டு கிளாஸ் டீயும் ஒரு பொட்டலம் காராசேவும் கிடைத்தன.

திரும்பி வரும்போது அப்பா ஏரி மதகுக் கட்டை வந்ததும் உட்காரச் சொன்னார்.

"இப்பப் படிச்சது புஸ்தகத்துல இருக்கறது இல்ல."

நான் குனிந்துகொண்டேன்.

"நீ வூட்ல படிக்கிறத ரெண்டு வருசமாக் கேக்கறேன். அந்தப் புஸ்தகத் தமிழு உனக்கே நாலு வார்த்தைக்கு ஒரு தடவ முட்டும். திரும்பிப் போயி மறுக்கா படிப்ப. இன்னிக்கு ஒரு எடத்துலயும் முட்டல. தண்ணியா ஓடுச்சு. அது நீ எழுதுனது."

மாட்டை நாலு எட்டு நடக்கவிட்டுக் குறையைச் சொல்கிறவர் என்று தெரிந்தும் அவரிடம் இந்த வேலையைச் செய்தேனே! அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

"உள்ளதப் படி" என்றார்.

படித்தேன். ஒன்று, இடைத்தரகரால் உற்பத்தியாளருக்கு உரிய விலை கிடைப்பதில்லை. இரண்டு, விலையை மறைவாகப் பேசிப் பிறர் அறியாதவாறு செய்கின்றனர். மூன்று, விற்பவரிடம் ஒரு விலையும் வாங்குபவரிடம் வேறொரு விலையும் கூறி இடையில் உள்ளதை எடுத்துக்கொள்கின்றனர். நான்கு, பொருளின் குறைபாடுகளை மறைக்கின்றனர். ஐந்து, எடையிலும் அளவிலும் மோசடி செய்கின்றனர். ஆறு, உற்பத்தியில் பங்கேற்காமல் உழைப்பின்றி வருமானம் பெறுகின்றனர்.

அப்பா மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடி படித்தேன். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"அஞ்சாவது நமக்கு இல்ல. மாட்ட எவன் தராசுல ஏத்துனான்?" என்று முதலில் அதைத் தள்ளினார். பிறகு செருப்பைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டினார். வெடிப்பில் மண் ஏறிக் கிடந்தது. "ஒழைப்பில்லாமன்னு எழுதுனவர ஒரு சந்தைக்கு என்கூட நடந்து வரச் சொல்லு. மாட்டையும் புடிச்சுக்கிட்டு வரச் சொல்லு." ஒன்றாவதுக்கு, "நான் இல்லேன்னா வாங்குறவன் நேரா வூட்டு வாசல்ல போயி நிப்பான். தனியா இருக்கறவன்கிட்ட இன்னும் கொறச்சுத்தான் கேப்பான்" என்றார்.

"சரிப்பா, துண்டு எதுக்கு? நாலு பேருக்குத் தெரிய வெலை சொன்னா என்ன?" என்று கேட்டேன். கல்லூரியில் நிறைவுப் போட்டி அங்காடி படித்த திமிர் எனக்கு. அங்கே எல்லோருக்கும் எல்லா விலையும் தெரிந்திருக்க வேண்டும்.

"மாட்ட எவன் விக்கறான், பாப்பா? கைக்குப் பணம் வேணும்னு இருக்கறவன் விக்கறான். புள்ளைக்கு ஒடம்பு சரியில்லாம இருக்கும், பொண்ணுக்குக் கல்யாணமா இருக்கும். அந்தக் கஷ்டத்துல ஒரு வெலைக்கு எறங்கிப் போறான். அவன் அந்த வெலைக்கு எறங்குனான்னு சந்தைக்கே தெரிஞ்சா, அடுத்த மாட்டயும் அதே வெலைக்குத்தான் கேப்பானுவ. ஊர்ல அவன் கஷ்டமும் தெரிஞ்சு போயிடும். துண்டு எனக்கு மட்டும் இல்ல, அவன் மானத்துக்கும் சேத்துத்தான்."

எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனாலும் நான் அவருடைய மகள். விட்டுவிடவில்லை.

"அதே துண்டுக்குள்ளதான மூணாவது நடக்குது? அவருக்கு ஒரு வெலை, இவருக்கு ஒரு வெலை?"

அப்பா ஏரியைப் பார்த்தார். நான் அதிகம் பேசிவிட்டேனோ என்று பயந்தேன்.

"நடக்குது. நானும் செஞ்சிருக்கேன். நொண்டுற மாட்ட நடக்கவுடாம நிக்க வச்சே தள்ளிவுட்டதும் உண்டு. மூணும் நாலும் நெசம். மத்தது பொய்யி." எழுந்து துண்டை உதறிக்கொண்டார். "ஆனா நீ செஞ்சது தப்பு. நல்லா இருக்கற மாட்டயே மாத்திக் காட்டுனாலும் அது ஏமாத்துதான்."

அடுத்த ஞாயிறு நடந்ததை அந்த மூத்த தரகர் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். வியாபாரம் முடிந்ததும் அப்பா எல்லோரையும் உட்காரவைத்திருக்கிறார். "எம் மவ நம்ம மனசு நோவக் கூடாதுன்னு மாத்திப் படிச்சுட்டா. உள்ளத நான் சொல்றேன்" என்று ஆறையும் வரிசை மாறாமல், அந்தப் புத்தகத் தமிழிலேயே ஒப்பித்திருக்கிறார். இரண்டே தடவை கேட்டது! நான் ஒரு வாரம் உருப்போட்ட பாடம் அது. கூட்டத்தில் ஒரே கூச்சலாம், காலேஜையே மூட வேண்டும் என்று ஒருவர் துள்ளினாராம். அப்பா எல்லோர் முன்னாலும் மூன்றும் நான்கும் நிஜம் என்று சொன்னதும் கூச்சல் அடங்கியதாம். "எங்களுக்கு யாருக்கும் அந்த வாயி வராது, பாப்பா" என்றார் அந்தப் பெரியவர். என் அப்பாவை நினைத்து அன்று எனக்கு வந்த பெருமிதம், பிறகு நான் வாங்கிய எந்தப் பட்டத்துக்கும் வந்ததில்லை.

எங்கள் பேராசிரியர் கும்பகோணத்துக்காரர். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். யார் என்ன சொன்னாலும் "ஆதாரம்?" என்பார். மாலை செமினாரில் ஆளுக்கொரு கட்டுரை வாசிக்க வேண்டும். என் முறை வந்தபோது இடைத்தரகர்களையே எடுத்துக்கொண்டேன். ஆறு தீமைகளைச் சொன்னேன். பிறகு அப்பா தள்ளியவற்றுக்கு மறுப்புச் சொன்னேன். மறைவான விலை நலிந்த விற்பனையாளரையும் காக்கிறது என்ற இடத்தில் பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெளிப்படையா ஏலம் விட்டா வாங்க நிறையப் பேர் வருவாங்க. விலை கூடும் இல்லையா?" என்றார்.

"கூடலாம் சார். ஆனா அன்னிக்கு விலை போகலேன்னா, அவர் எந்த விலையிலே நின்னார்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அடுத்த சந்தையில அவருக்குப் பேரம் பேச ஒண்ணும் இருக்காது."

"அப்ப தரகர்கள் தப்பே செய்யறதில்லைங்கிறியா?"

"செய்யறாங்க சார். மூணாவதும் நாலாவதும் உண்மைன்னு அவரே ஒத்துக்கிட்டார்."

"யாரு? எந்த ஆசிரியர்? புத்தகம் என்ன, பக்கம் என்ன?"

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. காலாண்டில் என் எட்டரையைத் தொட்டுப் பார்த்தவர்கள் அத்தனை பேரும். ஏதோ ஒரு நூலின் பெயரைச் சொல்லி உட்கார்ந்திருக்கலாம், அவர் தேடியா பார்க்கப் போகிறார்? நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க அப்பா சார். அவர் மாட்டுத் தரகர்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. என் கட்டுரையை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே நான்கு நூல்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன.

"இவர் பேர் ஏன் இங்க இல்லை?" என்று கேட்டார். "கட்டுரையில இருக்கற புது விஷயமெல்லாம் இவர் சொன்னது. இதை எழுதாம நான் ஏத்துக்க மாட்டேன். உக்காந்து எழுது."

எழுதினேன். இனிஷியலோடு அப்பாவின் முழுப் பெயர், கமா, மாட்டுத் தரகர், கமா, நேரில் கூறியது. எங்கே, எந்தக் கிழமை என்பதையும் எழுதச் சொன்னார். ஏரி மதகு, ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினேன். அதற்குப் பிறகு பொருளாதாரத்தில் எத்தனையோ ஆதாரக் குறிப்புகள் எழுதிவிட்டேன், நானே கேட்டு எழுதிய முதல் குறிப்பு அதுதான்.

வீட்டுக்கு வந்து அந்த வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். துள்ளுவார், அம்மாவைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அது நடக்கவில்லை.

"காலேஜ்ல சேக்கறப்ப பாரத்துல விவசாயம்னுல்ல போட்டிருந்த?" என்றார்.

தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான்தான் அப்படி எழுதியிருந்தேன். படிக்கத் தெரியாதவர்தானே என்று அவர் பெருவிரலைப் பிடித்து மை தொட்டு வைத்ததும் நான்தான்.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"கைநாட்டு வச்சதும் ஆபீஸ்காரரு ஒருதடவ படிச்சுச் சொன்னாரு. புள்ள பிரியப்பட்டு எழுதியிருக்கு, இருந்துட்டுப் போவட்டும்னு வந்துட்டேன்."

இரண்டு வருஷம். அதைத் தெரிந்துகொண்டேதான் என் எதிரில் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறார், சந்தை முழுக்க என் புகழ் பாடியிருக்கிறார்.

"தப்புதாம்ப்பா" என்றேன்.

அவர் கட்டுரைத் தாளை என் கையிலிருந்து வாங்கி, எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இது பென்சிலா, மையா?"

"மைப்பா."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.